சபராளியின் மனநோயும் நாம் சூட்டும் பெயர்களும்

அல்லாஹ் தஆலா மனிதனுக்கு அருளிய நிஃமத்துகளில் அறிவு தலையாயது. தொழுகையும் நோன்பும், கொடுக்கல் வாங்கலும், நிகாஹும் தலாக்கும் அறிவு என்னும் அந்த ஒரே விளக்கை நம்பி நிற்கின்றன. அந்த விளக்கு ஒருவரிடம் மங்கும்போது அவருக்கு நேர்ந்தது என்ன என்று நாம் மார்க்கத்திடமும் கேட்பதில்லை; மருத்துவரிடமும் கேட்பதில்லை. நாம் பிறந்த தெருவிடம் கேட்கிறோம். தெரு சொன்ன பதிலையே மார்க்கம் சொன்ன பதிலாக எண்ணிக் கொள்கிறோம்.

நம் இல்லங்கள் பலவற்றில் ஒருவராவது சபரில் இருக்கிறார். சவூதியிலோ, துபாயிலோ, மலேசியாவிலோ உழைக்கிறார். மறுபுறம் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராசபாளையம் பக்கம் வந்து உழைப்போரும் இருக்கிறார்கள். நம் பள்ளிவாசல்களின் ஜும்ஆ ஸஃப்புகளில் அவர்களுள் சிலரைப் பார்க்கலாம். ஊர் விட்டு ஊர் போகும் மனிதன் பெட்டியில் துணிமணியை மட்டும் கொண்டு போவதில்லை. நோயைப் பற்றித் தன் ஊர் சொல்லித் தந்த நம்பிக்கையையும் சேர்த்தே கொண்டு போகிறான். அதில் எது தீன், எது ஊர் வழக்கம் என்று பிரித்தறிவதே இம்மாதப் பாடம்.

ஒரே நோய், பல பெயர்கள்

நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். தூக்கமின்றித் தனக்குள் பேசிக் கொண்டிருக்கும் மகனை முஸ்லிம் குடும்பம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு அழைத்துச் செல்கிறது. கிறிஸ்தவக் குடும்பம் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறது. இந்துக் குடும்பம் திருச்சி மாவட்டத்துக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறது. வாசல்கள் மூன்று. ஆனால் மூன்று வீடுகளிலும் பாட்டிமார் சொன்னது ஒன்றே: "காத்து கருப்பு பட்டுவிட்டது, யாரோ செய்வினை வைத்து விட்டார்கள்." மதம் வேறானாலும் நோயைப் பற்றிய எண்ணம் ஒன்றாக இருக்கிறதென்றால், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? மூன்று மார்க்கங்களிலிருந்துமா, மூவரும் மிதிக்கும் ஒரே மண்ணிலிருந்தா?

வடக்கிலிருந்து வந்த தொழிலாளியைக் கேளுங்கள். அவர் வேறு பெயர்கள் சொல்வார். பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் 'டாயன்' என்று ஒரு பேச்சு உண்டு. நோயும் சாவும் வந்தால் சூனியக்காரி என்று ஒரு பெண்ணைக் குறித்துக் காட்டித் துன்புறுத்தும் கொடுமை அது. அதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. அப்பக்கத்து முஸ்லிம்களிலும் பலர் மனம் பேதலித்தவரை உத்தரப் பிரதேசத்துக் கிச்சௌச்சா தர்காவுக்குக் கொண்டு போவர். இந்துக்களில் பலர் ராஜஸ்தானத்து மெஹந்திப்பூர் பாலாஜி கோயிலுக்குக் கொண்டு போவர்.

கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். சூடான், எத்தியோப்பியா, எகிப்து நாடுகளிலும் வளைகுடாக் கரையோரங்களிலும் 'ஸார்' என்னும் ஆவி பிடிப்பதாகவும், கொட்டு முழக்கி அதைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றும் பழைய நம்பிக்கை உண்டு. மலாய் நாட்டில் 'ஹந்து' என்பார்கள். அதை ஓட்ட 'போமோ' என்னும் வைத்தியரைத் தேடுவார்கள். சூடானியர் சொல்லும் ஸாரைக் கேட்டு நம்மவர் சிரிப்பார். நம்மவர் சொல்லும் காத்து கருப்பைக் கேட்டு அவர் சிரிப்பார். இருவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள்.

அகீதா வேறு, யூகம் வேறு

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். "ஜின் உண்டு என்று குர்ஆன் கூறுகிறதே, ஹஜ்ரத் அதை மறுக்கிறாரா?" என்று சிலர் கேட்கலாம். அல்லாஹ் காப்பாற்றுவானாக! ஜின் இனம் உண்டு என்பதில் முஃமினுக்கு ஐயமில்லை. கண்ணேறு உண்டு என்பதும் ஹதீஸில் வந்ததே. ஆனால் இரண்டு பேச்சுகளை வேறு பிரித்துப் பாருங்கள். ஜின் உண்டு என்பது அகீதா. "இந்தப் பிள்ளை மூன்று இரவு தூங்காததற்கு ஜின்தான் காரணம்" என்பது யூகம். முதலாவதைச் சொன்னது அல்லாஹ்வின் வேதம். இரண்டாவதைச் சொன்னது அண்டை வீடு. அண்டை வீட்டார் பேச்சை மறுத்தால் வேதத்தை மறுத்ததாகி விடாது.

'மஜ்னூன்' என்ற சொல்லையே பாருங்கள். ஜின் தீண்டியவன் என்ற கருத்தில் ஜாஹிலிய்யா அரபிகள் வழங்கிய சொல் அது. அவர்கள் நம் நாயகத் திருமேனி (ஸல்) அவர்களையே அப்படி அழைக்கத் துணிந்தார்கள். அல்லாஹ் அதை 'நூன்' அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே மறுத்தான். அச்சொல்லின் வேர் 'மறைத்தல்' என்ற பொருளுடையது. கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின். தாயின் வயிற்றில் மறைந்திருப்பதால் சிசுவுக்கு ஜனீன். மரங்கள் நிலத்தை மறைப்பதால் தோட்டத்துக்கு ஜன்னத். பிற்கால பிக்ஹு இமாம்கள் 'ஜுனூன்' என்ற சொல்லைச் சட்டச் சொல்லாக எடுத்துக் கொண்டபோது, எந்த ஜின் பிடித்தது என்று ஆராயவில்லை. அறிவு மறைந்து விட்டதா, எவ்வளவு காலம் மறைந்தது, மீண்டும் தெளிந்ததா என்றே பார்த்தார்கள். ஊர் வழங்கிய சொல்லை வைத்துக் கொண்டு, அதனுள்ளிருந்த யூகத்தை ஒதுக்கி, நோயாளியின் நிலையை மட்டும் கவனித்தார்கள். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

பயணம் மனத்தை என்ன செய்கிறது?

பயணம் வேதனையின் ஒரு துண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் உள்ளது. அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது. காரியம் முடிந்ததும் விரைவில் குடும்பத்தாரிடம் திரும்புக என்பது அதன் கருத்து. உறக்கத்தை அங்கே சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். மனநோய் மருத்துவர் இன்று முதலில் கேட்கும் கேள்வியும் உறக்கத்தைப் பற்றியதே.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களின் நிலையும் நமக்குப் படிப்பினை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் அங்கே காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் சற்றுத் தணிந்தபோது பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்குகளையும் புல்லையும் நினைத்துப் பாடி ஏங்கினார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சுடுமணலில் பாறை சுமந்தும் ஈமானை விடாத பிலால் (ரலி) அவர்களுக்கே ஊர் ஏக்கம் வந்தது. "ஈமான் பலவீனம்" என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடியவில்லை. மக்காவைப் போல மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்கு என்று துஆ செய்தார்கள். அத்துடன் நிற்கவுமில்லை. ஒவ்வொரு முஹாஜிருக்கும் ஓர் அன்ஸாரியைச் சகோதரராக்கி வீடும் சோறும் தோழமையும் கிடைக்கச் செய்தார்கள்.

மருத்துவ ஆராய்ச்சியும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. நார்வே நாட்டிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறியவர்களை ஊதெகார்ட் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1932இல் எழுதினார். ஊரிலேயே இருந்துவிட்ட நார்வேக்காரரை விடக் குடியேறியவரிடம் மனநோய் கூடுதலாக இருப்பதை அவர் கண்டார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளிவந்த ஒரு கணக்கு, மனச்சிதைவு நோய் குடியேறியவரிடம் சுமார் 2.7 மடங்கும், அவர்களுடைய பிள்ளைகளிடம் சுமார் 4.5 மடங்கும் காணப்படுவதாகக் கூறியது. அவை பெரும்பாலும் ஐரோப்பாவில் குடியேறியவர்களைப் பற்றியவை. நம் சபராளிகளுக்கு அதே எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. ஆயினும் ஊர் பெயர்வது மனத்துக்குப் பெரும் பாரம் என்பதில் சந்தேகமில்லை.

பெயர் தவறினால் வரும் கேடு

வளைகுடாவுக்குப் போன ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். தாயின் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறார். ஓர் அறையில் எட்டுப் பேர், மாறி மாறி வரும் ஷிஃப்ட், புரியாத மொழி. சில மாதங்களில் உறக்கம் போகிறது. காதில் யாரோ பேசுவது போல் கேட்கிறது. சோற்றில் எதையோ கலந்து விட்டார்கள் என்று தட்டைத் தள்ளுகிறார். அறையிலுள்ள தமிழர் "செய்வினை" என்கிறார்; வங்காளி "ஜின்" என்கிறார்; பாகிஸ்தானியர் "நஜர்" என்கிறார். ஒவ்வொருவரும் தத்தம் தாய்வீட்டுச் சொல்லைச் சொல்கிறார்களே தவிர, மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க எவருக்கும் தோன்றவில்லை.

செய்தி ஊருக்கு வருகிறது. தாயத்தும் ஓதிய எண்ணெயும் பார்சலில் போகின்றன. "யார் வைத்தது?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. பெண் கேட்டு மறுக்கப்பட்ட உறவினர் மேலோ, பாகப் பிரிவினையில் மனம் கசந்த பெரியப்பா வீட்டார் மேலோ சந்தேகம் விழுகிறது. செய்வினை என்ற பெயரில் உள்ள பெருங்கேடு இதுவே. மற்ற நோய்க்குக் காரணம் தேடினால் கிருமியோ, இரத்தக் குறைவோ கிடைக்கும். இந்தப் பெயரைச் சூட்டினால் ஓர் ஆள் கிடைத்தாக வேண்டும். வடக்கே ஓர் ஏழை விதவை டாயன் ஆகிறாள். இங்கே ஒரு மச்சான் பகைவன் ஆகிறான். சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள் என்று 'ஹுஜுராத்' அத்தியாயத்தில் வந்த கட்டளை மீறப்படுகிறது. நோயாளிக்கும் குணமில்லை, உறவும் அறுந்தது, பாவமும் சேர்ந்தது.

வெடி விபத்தைக் கண்டவர்களுக்கும் இந்நிலை உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் 35க்கும் மேற்பட்டோர் மாண்ட விபத்தைப் போல எத்தனையோ விபத்துகளை நம் பட்டாசுப் பகுதி பார்த்திருக்கிறது. அத்தகைய இடத்திலிருந்து உயிர் தப்பியவர் பல மாதங்களுக்குப் பின்னும் இரவில் அலறி எழுவதும், சிறு சத்தத்துக்கும் நடுங்குவதும் மருத்துவம் நன்கு அறிந்த ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. "பயந்த கோளாறு" என்று மந்திரித்துவிட்டு அத்துடன் நிறுத்திக் கொண்டால், அவர் வாழ்நாளெல்லாம் நடுங்கிக் கொண்டிருக்க நேரும். வெளி மாநிலத்திலிருந்து வந்தவராயின், தன் நடுக்கத்தைத் தன் மொழியில் சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியும் முன் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அக்காப்பகம் தர்காவுக்கு உரியதன்று. குணம் தேடி வந்த குடும்பங்கள் நோயாளியை விட்டுச் செல்ல, அதைத் தொழிலாக்கிக் கொண்டவர்கள் நடத்திய இடம் அது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டு வரப்பட்டனர். பின்னர் தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மருந்தும் கிடைக்க 'தவா-துஆ' என்ற பெயரில் அரசு ஏற்பாடு செய்தது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்துள்ளது.

ஜியாரத் பற்றிய விவாதத்துக்குள் நாம் போகவில்லை. நோயாளியைக் கட்டிப் போடு, அடித்து ஜின்னை விரட்டு என்று எந்த இமாம் சொன்னார்? தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பதல்லவா நம் பிக்ஹின் அடிப்படை விதி?

துஆவும் மருந்தும்

மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்து கொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். உடல் நோய்க்கு மட்டும் என்று அவர்கள் வரையறுக்கவில்லை. "தவக்குல் போதாதா?" என்பவர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபிமொழியை நினைக்கட்டும். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்று அவர்கள் விடையளித்தார்கள். மருத்துவமனையும் அல்லாஹ்வின் கத்ரே.

நம் முன்னோர் இதை நன்கு விளங்கியிருந்தார்கள். பல்கு நகரத்து அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், ஹிஜ்ரி மூன்று நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய நலன்களைப் பற்றி ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த கவலை ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை மற்றொன்று என்று அதில் பிரித்துக் காட்டினார். எகிப்தின் சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. படுக்கையும் உணவும் மருந்தும் வக்ஃப் செலவில் கிடைத்தன. மனநோய்க்கு மருந்து என்பது மேல்நாட்டார் கொண்டு வந்த புதுமை என்று நினைப்பவர் இதை அறிய வேண்டும்.

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஷிர்க் கலவாத ஓதுதலில் குற்றமில்லை என்பது முஸ்லிம் கிரந்தத்து ஹதீஸ். ஃபாத்திஹாவும் முஅவ்விதத்தைனும் ஆயத்துல் குர்ஸீயும் முஃமினின் ஆயுதங்கள். மாலையில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் எல்லா மதத்துத் தாய்மாரும் வந்து நிற்கிறார்களே, அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இமாம் ஓதி ஊதட்டும். ஊதிய பின் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எத்தனை நாளாகத் தூங்கவில்லை, அம்மா? மருத்துவரிடம் காட்டினீர்களா?" இமாமின் வாயிலிருந்து வரும் இந்த ஒரு சொல், பத்து விளம்பரப் பலகைகள் செய்யாததைச் செய்யும்.

இல்லத்தார் கவனிக்க வேண்டியவை

1. பல இரவுகள் உறக்கமின்மை, தனக்குள் பேசுதல், இல்லாத குரலைக் கேட்டல், உணவில் விஷம் என்று அஞ்சுதல், குளிக்காமலும் பேசாமலும் ஒதுங்குதல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை கண்டால் காலந்தாழ்த்த வேண்டாம். சிகிச்சை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை. காய்ச்சல், தைராய்டு கோளாறு, வலிப்பு, போதைப் பொருள் இவற்றாலும் இதே குறிகள் தோன்றலாம். அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

2. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் மனநல ஆலோசனை பெறலாம். நம் முஹல்லாவில் தங்கியுள்ள வடமாநிலத் தொழிலாளிக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுப்பதும் அன்ஸாரித்தனமே.

3. சற்றுக் குணமானதும் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பும். ரமலானில் நோன்பு பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். சில மாத்திரைகள் உட்கொள்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் கூடி ஆபத்தாகும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது அல்லாஹ்வே.

4. தெளியும் வரை பைத்தியக்காரரை விட்டுப் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. அறிவு மறைந்த நிலையில் சொன்ன தலாக் செல்லாது. ஒரு பகல் ஒரு இரவுக்கு மேல் நீடித்த ஜுனூனில் விடுபட்ட தொழுகைகளுக்கு ஹனஃபி மத்ஹபில் களா இல்லை. நோயில் பேசிய பேச்சை வைத்து அவரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

5. அவருடைய சம்பாத்தியத்தைப் பாதுகாத்து, அதிலிருந்தே அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல சொல் பேசுங்கள். புத்தி குறைந்தோரின் பொருளைப் பற்றி 'நிஸா' அத்தியாயத்தில் வந்த கட்டளை இது. "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து ஒரு பெண்ணின் வாழ்வில் கட்டி விடுவது வஞ்சகம்.

6. சபரில் இருக்கும் பிள்ளையிடம் பேசும்போது "பணம் அனுப்பினாயா?" என்று தொடங்காமல், "நன்றாகத் தூங்கினாயா? யாரோடு சேர்ந்து சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "முடியவில்லை, வந்து விடுகிறேன்" என்று அவர் சொன்னால், கடனைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். காரியம் முடிந்தால் குடும்பத்தாரிடம் விரைந்து வரச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கடனை அடைக்க வழியுண்டு. ஜமாஅத் பைத்துல்மாலும் இதற்குத்தானே இருக்கிறது?

அன்புத் தாய்மார்களே! சகோதரர்களே! யூசுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று அல்லாஹ் கூறுகிறான். துயரம் நபிமார்களின் வீட்டுக்கும் வந்தது, அது வெட்கமன்று. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேட நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் துஆ கற்றுத் தந்தார்கள். அந்தத் துஆவை நாவிலும், மருந்தை நோயாளியின் கையிலும், நல்லெண்ணத்தை உறவினர் மீதும் வைப்போம். யா அல்லாஹ்! சபரில் இருப்போரின் உள்ளங்களுக்கு அமைதியையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், எங்களுக்கு நேரான விளக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.